கருங்கூந்தலும் மூலிகைப் பொடியும்: மட்டக்களப்பை நிலைக்களனாகக் கொண்ட ஒரு திறனாய்வு நோக்கு

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அன்றிப் பூவும் புகையும் சாந்தும் ஊட்டிய செயற்கை மணமே உள்ளதா என்னும் வினா தமிழ் இலக்கிய மரபில் ஒரு பெருவழக்காகவே நிலைபெற்றுள்ளது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றி எழுந்த கதை அது. இறையனார் பாடிய பாட்டைத் தருமி பாண்டியன் அவைக்குக் கொண்டுசென்றதையும், நக்கீரர் அதிற் பொருட்குற்றம் கண்டதையும், இறைவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததையும் திருவிளையாடற் கதை விரித்துரைக்கும். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் இக்காட்சியைத் தமிழர் வாழும் இடமெங்கும் பரப்பியது. கதையைக் கேட்போர் நக்கீரரின் அஞ்சாமையைப் போற்றுவர்; அன்றேல் இறைவனின் திருவிளையாடலை வியப்பர். வினாவுக்கு யாது நேர்ந்தது எனக் கேட்போர் மிகச் சிலரே. நக்கீரர் பின்னர் பணிந்தார் என்பது உண்மை. ஆயினும் அவரைப் பணியவைத்தது எதிர்வாதமன்று, வெப்பம்.

கூந்தலைக் கருமையாக்கும், நீளச்செய்யும், நேராக்கும் என்று உறுதிகூறி விற்கப்படும் மூலிகைப் பொடிகளின் பொதிகளில் 'இயற்கை' என்னும் சொல் இன்று பெரிய எழுத்துகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. நக்கீரர் எதிர்த்து நின்ற கருத்தே இங்கு வணிகச் சரக்காக மீண்டுள்ளது எனலாம். மனிதரின் உழைப்பும் உடைமையும் சமூக உறவுகளும் விளைவித்த ஒன்றை ஒரு செடியின் மீதோ ஓர் உடலின் மீதோ ஏற்றிச் சொல்லுவதே இக்கருத்தின் சாரம். தமிழிலக்கியம் இதற்குத் துணைபோயிருப்பதைப் போலவே இதனை அம்பலப்படுத்தியும் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களின் வழக்காறுகள் இவ்விரு போக்குகளையும் ஒருங்கே காட்டவல்லன என்பதனால் அப்பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு இதனை நோக்குதல் பொருத்தமாகும்.

இவ்வகையில் முதலில் நோக்கற்பாலது சிலப்பதிகாரம். மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் பாராட்டுகின்றான். அவளுடைய கூந்தலுக்குச் சில மலர்களே போதுமாயிருக்க மாலை எதற்கு, நறும்புகை இருக்க மான்மதச் சாந்து எதற்கு என்று ஏவன்மகளிரைக் குறைகூறுவது போல அவன் பேசுவான். இயற்கை அழகுக்கு ஒப்பனை வேண்டாவென்பதே அவன் கொள்கை. இப்பேச்சை மட்டும் தனித்தெடுத்து, இளங்கோவடிகளின் அழகியற் கோட்பாடு இதுவென மேடைகளிற் கூறுவாருளர். காப்பியத்தின் அமைப்பு அதற்கு இடந்தரவில்லை. இதே கோவலன் ஊடியிருந்தபோது அவனை மகிழ்விக்க மாதவி கோலங்கொள்ளும் முறையைக் கடலாடு காதை விரிவாகக் கூறும். பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவளது கூந்தல் நீராட்டப்படுகிறது; பின்னர் புகையால் உலர்த்தப்படுகிறது; பகுதி பகுதியாக வகுக்கப்பட்டு மான்மதச் சாந்து ஊட்டப்படுகிறது. கண்ணகியிடம் வேண்டாவென்று மறுக்கப்பட்ட அதே மான்மதம் மாதவியிடம் வேண்டப்படுகிறது. கோவலனின் பேச்சுக்கும் நடத்தைக்கும் இடையிலான இம்முரணை இளங்கோ எவ்விடத்தும் வெளிப்படையாகச் சுட்டுவதில்லை. இரண்டு காதைகளிலும் ஒரே பொருளை வைத்துவிட்டு அவர் விலகிக்கொள்கிறார்.

மாதவியின் நீராட்டு நீருக்கு அடியார்க்குநல்லார் உரையிற் காணும் பொருட்பட்டியல் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடும். துவர்களுள் பூவந்தி, கடுக்காய், தான்றி, நெல்லி, கருங்காலி, நாவல் என்பன உள. பூவந்திக்கொட்டை நுரைத்து அழுக்கைப் போக்கும். ஏனையவற்றின் துவர்ப்புச் சாரம் மயிரிற் படிந்து அதனை இறுகச்செய்யும். இரும்புடன் சேருமிடத்துக் கருநிறமும் தரும். இரும்புச் சட்டியிற் கடுக்காயும் நெல்லியும் ஊறவைக்கும் வீட்டு வழக்கிற்குப் பின்னாலுள்ள இரசாயனம் இதுவே. எழுதும் மையைச் செய்ததும் ஏறக்குறைய இதே முறையினாலாகும். ஆகவே மூலிகைகளால் கூந்தலின் தன்மையை மாற்றுதல் தமிழருக்குப் புதிதன்று. ஆனால் இளங்கோ அதனை 'இயற்கை' என்று பெயரிட்டு அழைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எண்ணிக்கை கூறுகிறார்; பத்து, ஐந்து, முப்பத்திரண்டு. எண்களாற் கூறப்படுவது செல்வமும் உழைப்புமாகும். அத்தனை பொருள்களையும் சேர்ப்பதற்குப் புகாரின் வணிகம் வேண்டும். இடிக்கவும் ஊறவைக்கவும் புகையூட்டவும் பெயர் கூறப்படாத பணிமகளிரின் கைகள் வேண்டும். கணிகையர் குலத்தில் பிறந்தவளுக்குக் கூந்தலும் ஒரு தொழிற்கருவி.

இதற்கு நேரெதிராகக் கண்ணகியின் கூந்தல் காப்பியம் முழுவதிலும் படிப்படியாகக் கவனிப்பை இழந்து செல்கிறது. பிரிவின்போது அது நெய்பூசுதலை மறக்கிறது. மதுரையில் அது முற்றாக அவிழ்கிறது. அரசவையில் நிற்கும் அவளது மேனியிற் படிந்திருப்பது தெருப்புழுதி. அதனைக் குறிக்க இளங்கோ ஆளும் சொல் 'பொடி' என்பதே. வேறெந்தப் பொடியும் அவளுக்குத் தேவைப்படவில்லை. பாண்டியன் அஞ்சியது அவ்விரிகூந்தலையும் கையிலிருந்த ஒற்றைச் சிலம்பையும் கண்டேயாகும்.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் பண்பாட்டு வாழ்வில் மையமான இடம்பெறுவது இக்கண்ணகியே. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் வைகாசி மாதத்தில் அம்மனின் கதவு திறக்கப்பட்டு, கண்ணகி வழக்குரை படிக்கப்பட்டு, குளிர்த்தியோடு சடங்குகள் நிறைவெய்துகின்றன. சினந்தவளைக் குளிரச்செய்வதே குளிர்த்தியின் உட்பொருள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு நிகழ்கின்றது. தன்னை இழிவுசெய்தோரின் குருதி தோயும்வரை குழலை முடியேனென்று சூளுரைத்தவள் அவள். பாரதியின் பாஞ்சாலி சபதமும் அச்சூளுரையோடே முடிவுறும். ஒரே கரையோரத்தில் விரிகூந்தற் பெண்கள் இருவர் தெய்வமாக வணங்கப்படுகின்றனர். அப்பிரதேசத்துப் பெண்ணழகைப் பற்றிப் பேச வருவோர் மட்டும் முழங்கால்வரை தொங்கும் எண்ணெய் மின்னும் பின்னலையே இன்னும் பாடிக்கொண்டிருப்பது விந்தையே. சுவாமி விபுலாநந்தர் (1892-1947) காரைதீவிற் பிறந்து, சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைப்பகுதியை ஆராயப் புகுந்து யாழ் நூலை (1947) ஆக்கினார். ஊர் கண்ணகியை வணங்கியது; ஊரின் பேரறிஞர் மாதவியின் கலையை ஆராய்ந்தார். இவ்விரு பெண்களுக்கிடையிலான இழுபறி அம்மண்ணுக்கு அந்நியமானதன்று.

கூந்தலின் இழைத்தன்மை பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இன்றைய விளம்பரங்கள் நேரான, வழவழப்பான மயிரையே அழகெனக் காட்டுகின்றன. பழந்தமிழ்ப் புலவர்கள் கூந்தலுக்கு உவமையாக எடுத்தாண்டவற்றுள் சிறப்பானது அறல். ஓடும் நீர் ஆற்றுமணலில் விட்டுச்செல்லும் நெளிவரிகளே அறல் எனப்படும். ஐம்பால் என ஐவகையாக வகுத்துரைக்கப்படும் கூந்தல் முடிப்பில் சுருளும் ஒன்று. ஆகவே நெளிவையும் சுருளையும் குறையாகக் கருதும் கண், சங்கப் பாடல்களிலிருந்து பெறப்பட்டதன்று. திரையும் விளம்பரமும் தந்த கண் அது. மரபின் பெயரால் விற்கப்படும் பொடி, மரபு போற்றிய நெளிவை அழிப்பதாக வாக்குறுதி தருகிறது. கருமையைப் பொறுத்தவரை மரபு இவ்வளவு தாராளமாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். மேகம், இருள், கார்மணல் என உவமைகள் யாவும் ஒரே நிறத்தைச் சுற்றியே சுழல்கின்றன.

நரையை அணுகும் முறையிலோ மரபு ஒருபடித்தானதன்று. பிசிராந்தையாரிடம் ஆண்டுகள் பலவாகியும் நரையின்மைக்குக் காரணம் யாதென வினவப்பட்டபோது, அவர் எந்தத் தைலத்தையும் கூறவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறைசெய்யும் வேந்தன், சான்றோர் நிறைந்த ஊர் என்பனவே அவர் காட்டும் காரணங்கள் (புறநானூறு, 191). உடலின் ஒரு மாற்றத்துக்குச் சமூகக் காரணம் கூறும் இப்பாட்டைப் பொடி வணிகர் எவரும் படித்ததாகத் தெரியவில்லை. அப்பாட்டிலும் ஒரு குறையுண்டு. அம்மனைவிக்கு நரைத்ததா என்பதைப் புலவர் கூறவில்லை. கம்பனின் தசரதனுக்குக் காதருகே தோன்றிய நரை துறவுக்கு அழைக்கும் தூதாகிறது. ஆணின் நரைக்கு அறிவென்றும் முதிர்வென்றும் பொருளுண்டு. பெண்ணின் நரைக்கு அத்தகுதி கிடைத்தது ஔவைக்கு மட்டுமே. அவளும் திருமணத்தினின்று தப்பவே முதுமையை வேண்டிப் பெற்றாளெனக் கதை கூறும். இளமையை இழந்தாலன்றிப் பெண்ணுக்கு அவையேறும் உரிமையில்லை என்பதை அக்கதை தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது.

இனி வாவிக்கரை வீடுகளின் வழக்கத்துக்கு வருவோம். எழுவான்கரை மணற்பாங்கானது, படுவான்கரை வயற்பாங்கானது. வயல் வரம்புகளின் ஈரத்தில் கையாந்தகரை தானாகவே முளைக்கும். அதன் சாற்றை எண்ணெயிற் காய்ச்சுவதும், செவ்வரத்தை இலையைக் கசக்கியெடுத்த வழுவழுப்பைத் தலையிற் பூசுவதும், ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துத் தேய்ப்பதும், சீயாக்காயும் எலுமிச்சங்காயும் சேர அவித்து முழுகுவதும் பாட்டிமார் அறிந்த முறைகளே. செவ்வரத்தையிலும் வெந்தயத்திலும் உள்ள பசைப்பொருள் மயிரிழையின் மேற் படிந்து அதனை வழவழப்பாக்குகிறது. சிக்கு எளிதில் நீங்குகிறது. அடுத்த முழுக்கில் அது கழுவுண்டு போகும். இம்முறைகளுக்குரியோர் சுருண்ட மயிர் நேராகும் என்றோ நரை கறுக்கும் என்றோ பெரிதாக உரிமை கொண்டாடியவர்களல்லர். சித்திரைப் புத்தாண்டன்று கோயிலிற் காய்ச்சப்படும் மருத்துநீர் இதன் சடங்கு வடிவம். பூவும் இலையும் மஞ்சளும் மிளகும் பாலும் சேர்ந்த அந்நீரை மூத்தோர் இளையோரின் தலையில் வைத்து வாழ்த்துவர். அங்கே தலை அலங்காரப் பொருளன்று. வாழ்த்தைப் பெறும் இடம்.

மட்டக்களப்புப் பெண்களையும் மூலிகையையும் இணைக்கும் ஒரு பழிச்சொல்லையும் இங்குத் தவிர்ப்பதற்கில்லை. மட்டக்களப்புக்குச் செல்லும் வெளியூர் ஆண்களை அங்குள்ள பெண்கள் மருந்தாலும் மந்திரத்தாலும் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வழங்கிய பேச்சு. இதனை வேடிக்கையாகக் கொள்வோர் அதன் சமூகப் பின்புலத்தை மறந்துவிடுகின்றனர். கீழ்க்கரையோரத்தில் தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் தாய்வழிக் குடிமுறை வேரூன்றியிருந்தது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே எழுதிய நூல் (2008) இவ்வமைப்பை விரிவாக ஆராய்கிறது. வந்த ஆண் திரும்பாமைக்கு வீடும் காணியும் உறவும் போதிய காரணங்களாகும். அவற்றைக் காண மறுத்த கண்ணுக்கு மட்டுமே மருந்து தேவைப்பட்டது. பெண்ணின் உடைமையுரிமை மூலிகையாக உருமாறிய இடம் இது. கூந்தற் பொடியின் வியப்பாற்றல் பற்றிய பேச்சும் இதே தருக்கத்திலேயே இயங்குகிறது.

வாவிக்கரையின் மற்றொரு நிறம் சிவப்பு. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முதலிய முஸ்லிம் ஊர்களில் மருதோன்றி மணவீட்டிலும் பெருநாளிலும் கைகளைச் சிவப்பிக்கும். முதியோரின் தாடியிலும் அச்சிவப்பைக் காணலாம். இதற்குப் பின்னால் ஒரு மார்க்க மரபுண்டு. கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது அபூபக்கரின் தந்தை வெண்பஞ்சுபோன்ற நரையுடன் கொண்டுவரப்பட, அதனை மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபிகள் பணித்ததாக ஹதீஸ் மரபு கூறும். கறுப்பு முற்றாக விலக்கப்பட்டதா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அழகியல் நோக்கில் கவனிக்கவேண்டியது வேறொன்று. மருதோன்றிச் சிவப்புத் தன்னைச் சாயமென்று மறைப்பதில்லை. எந்த முதியவரின் தாடியும் இயல்பாகச் செம்மஞ்சளாவதில்லை, பார்ப்பவரும் ஏமாறுவதில்லை. அது முதுமையை அழிக்காது அணிசெய்கிறது. கறுப்புச் சாயமோ தன்னைச் சாயமல்லவென்று காட்டும்போது மட்டுமே வெற்றிபெறுகிறது. அயலவரின் இந்தச் சிவப்பு அழகியலைத் தமிழ்த் திறனாய்வாளர் கவனியாது விட்டமை, ஒரே வாவியில் நீரருந்தும் இரு சமூகங்களைப் பற்றிய எழுத்தில் தொடரும் குறைகளுள் ஒன்று.

மருதோன்றியின் இயல்பை அறிந்தால் பொதிகளின் மொழியை வாசிப்பது எளிதாகும். அதன் இலையிலுள்ள லோசோன் என்னும் நிறப்பொருள், புளிப்பான நீரிற் குழைத்துச் சில மணிநேரம் வைக்கப்படும்போது வெளிப்பட்டு, மயிரின் கெரற்றின் புரதத்தோடு பிணைகிறது. நரைத்த மயிரில் அது செம்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையான நிறம் தரும். கரிய மயிரிலோ மெல்லிய செம்மினுக்கம் மட்டுமே தோன்றும். எந்நிலையிலும் அது கறுப்பைத் தராது. கறுப்பு வேண்டுமாயின் அவுரி வேண்டும். அவுரியிலையின் நிறப்பொருள் நீர்பட்டு, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீலமாகும். மருதோன்றிச் சிவப்பின் மேல் அந்நீலம் படியும்போது கரும்பழுப்போ கறுப்போ கிடைக்கும். இதற்கு இரண்டு முறை பூசுதலும் பல மணிநேரமும் தேவை. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால் சில வாரங்களிலேயே அடிமயிரில் வெண்மை மீண்டும் தலைகாட்டும். இழையின் வடிவத்தைப் பொறுத்தவரை, மயிர்க்குழியின் அமைப்பும் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகளுமே அதனைத் தீர்மானிக்கின்றன. மருதோன்றி இழையைச் சற்றுத் தடிப்பாக்கலாம். அதன் பாரத்தால் சுருள் சிறிது தளரவும் கூடும். எந்த இலைப்பொடியும் அப்பிணைப்பை உடைத்துச் சுருளை நிலையாக நேராக்குவதில்லை.

அரைமணி நேரத்தில் நரையைக் கரிய நிறமாக்கும் பொடி, எப்பெயர் கொண்டிருப்பினும், தனி மருதோன்றியாக இருக்க முடியாது. 'கறுப்பு மருதோன்றி' என்று விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை பராபினைலீன்டைஅமீன் என்னும் இரசாயனத்தின் துணையினாலேயே கறுக்கின்றன. 1863இல் ஹொஃப்மனால் விவரிக்கப்பட்டு, பின்னர் சாயத் தொழிலுக்குள் நுழைந்த பொருள் இது. ஐரோப்பிய ஒன்றியம் மயிர்ச்சாயத்தில் இதன் அளவை நூற்றுக்கு 2 என வரையறுத்துள்ளது. தோலிற் பூசும் சாயங்களில் இதற்கு அனுமதியில்லை. ஒவ்வாமை உள்ளவருக்குத் தலையும் முகமும் வீங்கி, கொப்புளங்கள் தோன்றும். ஒருமுறை உண்டான ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். ஒரு சொட்டுக் குழம்பைக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ பூசி இரண்டு நாள் பார்த்தபின்னரே தலையிலிட வேண்டுமென்று அறிவுறுத்தப்படுவது இதனாலேயே. கலியாணத்துக்கு முதல்நாள் மாலை அவசரமாகப் பொடி குழைப்பவருக்கு அந்த இரண்டு நாள் கிடைப்பதில்லை.

இரசாயனம் தீயது, செடி தூயது என்ற எளிய பிரிப்பும் நிலைக்காது. அவுரி ஐரோப்பிய வணிகத்தின் பெருஞ்சரக்காயிருந்த காலத்தில் வங்கத்து உழவர் அதனைப் பயிரிடும்படி வற்புறுத்தப்பட்டு 1859இல் கிளர்ந்தெழுந்தனர். 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றதும் அவுரி உழவரின் துயரினாலேயே. அச்சாகுபடியை வீழ்த்தியது ஜேர்மனியத் தொழிற்சாலை 1897 முதல் விற்ற செயற்கை நீலம். செடியிலிருந்து வந்த நீலத்தில் உழவரின் குருதி இருந்தது. ஆலையிலிருந்து வந்த நீலத்தில் அது இருக்கவில்லை. ஆதலின் 'இயற்கை' என்னும் சொல்லைக் கொண்டு ஒரு பொருளின் ஒழுக்கத்தை அளவிட முயல்வது வரலாற்றை அறியாதோர் செயலாகும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடையேற்றியபோது, கிராமத்து ஆண்களின் ஆட்டக்கலை பல்கலைக்கழக ஆய்வுக்குரியதாயிற்று. பெண்வேடமும் ஆண்களே புனைந்த அக்கலையின் தாளக்கட்டுகளும் தருக்களும் தொகுக்கப்பட்டன. பெண்கள் அடுக்களையிலும் கிணற்றடியிலும் பேணிய முழுக்கு முறைகளுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. தொகுக்கப்படாது விடப்பட்ட இவ்வறிவைத்தான் இன்று வணிகர் 'பாட்டி வைத்தியம்' என்று பெயரிட்டு எடுத்தாளுகின்றனர். பொதியின் முன்புறத்தில் நெல்லியும் கையாந்தகரையும் செவ்வரத்தையும் வண்ணப் படங்களாக மலர்ந்திருக்கும்; நீண்ட பின்னலுடைய பெண்ணொருத்தி முதுகைக் காட்டி நிற்பாள். உள்ளடக்கப் பட்டியல் பின்புறத்தில், பொடியெழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். படுவான்கரையில் வயல்வேலை முடித்து வந்து அப்பொதியை வாங்கும் பெண்ணுக்குத் தேவையான செய்தி அங்கேதான் உள்ளது.